பெண் முன்னாள் படைவீரருக்கு: வடசென்னையிலிருந்து பதிவு முதல் மேல்முறையீடு வரை

முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் கவுன்டரில் ஒரு பெண் போய் நின்றால் பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி, "உங்க வீட்டுக்காரரோட டிஸ்சார்ஜ் புக் கொண்டாந்திருக்கீங்களாம்மா?" என்பதுதான். கேட்பவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. அந்த வரிசைக்கு வரும் பெண்களில் பெரும்பாலோர் படைவீரரின் மனைவியாகவோ கைம்பெண்ணாகவோ இருப்பார்கள். ஆனால் அந்த ஒரு கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லாமல் விட்டால், உங்கள் கோப்பு 'சார்ந்தோர்' என்ற பக்கத்தில் தொடங்கிவிடும். பிறகு அடையாள அட்டை, மருத்துவ அட்டை, வேலைவாய்ப்புப் பதிவு எல்லாம் அதே தடத்தில் போகும். அதனால் கொண்டுபோகும் கோப்பில் மேலே இருக்க வேண்டியது உங்கள் சொந்த ரிலீஸ் ஆர்டர், அதாவது பணியிலிருந்து உங்களை விடுவித்த ஆணை. "படையில் இருந்தது நான்தான் சார்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் சட்டப்படி முன்னாள் படைவீரரா?

சீருடை போட்டிருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஓய்வூதியத்தோடு வெளியே வந்தவர்களுக்குச் சிக்கலே இல்லை. ராணுவச் செவிலியர் சேவையில் முழுக்காலம் பணியாற்றியவர்கள், ஓய்வு வயது வரை பணியாற்றும் நிரந்தரக் கமிஷன் பெற்ற மருத்துவ அதிகாரிகள் இதில் வருவார்கள். பணியால் ஏற்பட்ட உடல் பாதிப்புக்காக வெளியே அனுப்பப்பட்டு இயலாமை ஓய்வூதியம் பெறுபவர்களும் இதில் வருவார்கள்.

குழப்பம் ஷார்ட் சர்வீஸ் அதிகாரிகளுக்குத்தான், அதாவது குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு மட்டும் சேர்க்கப்பட்டவர்களுக்கு. 1992இல் பெண்களுக்கான சிறப்பு நுழைவுத் திட்டம் தொடங்கியது; பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலிருந்து முதல் அணி 1993இல் வெளியே வந்தது. அன்று முதல் நீண்ட காலம் பெண் அதிகாரிகளில் மிகப் பெரும்பாலோர் ஷார்ட் சர்வீஸ்தான். அதிகபட்சம் 14 ஆண்டு. அதிகாரிக்கு ஓய்வூதியம் கிடைக்க வேண்டியதோ 20 ஆண்டு. ஆகவே பணிக்கொடையோடு வீடு திரும்பியவர்கள் நிறைய. இவர்களும் முன்னாள் படைவீரர்களே. ஒரு நிபந்தனை: ஒப்புக்கொண்ட காலத்தை முடித்து, பணிக்கொடை பெற்று வெளியே வந்திருக்க வேண்டும்.

இங்கேதான் ரிலீஸ் ஆர்டரின் வாசகத்தை உன்னிப்பாகப் படிக்க வேண்டும். 'ஒப்பந்தக் காலம் முடிந்து விடுவிக்கப்பட்டார்' என்றிருந்தால் நீங்கள் உள்ளே. 'சொந்த வேண்டுகோளின்பேரில்' என்றிருந்து, காலமும் முடியாமல், ஓய்வூதியமும் இல்லையென்றால் நீங்கள் வெளியே. கல்யாணம், பிரசவம், கணவரின் மாற்றல் என்று நடுவிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் இந்த இடத்தில் அடிபடுகிறார்கள். ஆண்களை விடப் பெண்களை இந்த விதி கூடுதலாகக் கடிக்கிறது என்பது உண்மை. ஆனாலும் அலுவலகத்தில் வாதாடி இதை மாற்ற முடியாது.

விலகியது உங்கள் விருப்பமாக இல்லாமல், கல்யாணம் செய்ததற்காகவே வெளியேற்றப்பட்டிருந்தால் கதை வேறு. செவிலியர் சேவையில் திருமணத்தைக் காரணம் காட்டி நீக்க வழிசெய்த 1977ஆம் ஆண்டு ராணுவ அறிவுறுத்தல் 1995இல் திரும்பப் பெறப்பட்டது. அப்படி 1988இல் நீக்கப்பட்ட ஓர் அதிகாரிக்கு 60 லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதே நிலையில் இருப்பவர்கள் நீக்க ஆணையின் நகலோடு வழக்கறிஞரைப் பார்க்கலாம்.

அக்னிவீர் பெண்களுக்கு இந்தக் கட்டுரை பயன்படாது. நான்கு ஆண்டு முடித்தால் சேவா நிதி என்ற மொத்தத் தொகை உண்டு. முன்னாள் படைவீரர் தகுதி, ஓய்வூதியம், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இசிஹெச்எஸ் எதுவும் அந்தத் திட்ட விதிகளில் இல்லை. ஆவடி பக்கம் சிஆர்பிஎஃப் மகளிர் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் 'முன்னாள் மத்திய ஆயுதக் காவல் படையினர்' என்ற தனி வகை. அவர்களுக்கான வழி உள்துறை அமைச்சகத்தின் பக்கம்.

பெயர், இன்ஷியல்: முதலில் முடிக்க வேண்டிய வேலை

எந்த விண்ணப்பத்தையும் தொடுவதற்கு முன் எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தமிழ்ப் பெண்களுக்கு இது தனித் தலைவலி. படையில் சேரும்போது இன்ஷியலை விரிக்கச் சொல்லியிருப்பார்கள்; சேவை ஆவணத்தில் 'கவிதா சுப்பிரமணியன்' என்றிருக்கும். பள்ளிச் சான்றிதழில் 'எஸ். கவிதா'. பான் அட்டையில் அப்பா பெயர் முன்னால் வந்து 'சுப்பிரமணியன் கவிதா'. கல்யாணத்துக்குப் பிறகு திறந்த வங்கிக் கணக்கில் 'கவிதா ரமேஷ்'. ஆதாரில் 'ஆர். கவிதா'. ஆள் ஒருவர்தான், கணினிக்கு ஐந்து பேர்.

எதை மாற்றுவது? சேவை ஆவணத்தைத் தொடாதீர்கள். ஓய்வூதிய ஆணையான பிபிஓ அதிலிருந்துதான் வருகிறது. அதை மாற்ற டெல்லி, பிரயாக்ராஜ் என்று கோப்பு சுற்றும். சேவைப் பெயரை நிலையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு இழுத்து வாருங்கள். முதலில் ஆதார், பிறகு பான், கடைசியில் வங்கி. இந்த வரிசை முக்கியம்: பான் மாற்றத்துக்கும் வங்கியின் கேஒய்சிக்கும் ஆதாரைத்தான் கேட்பார்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். கல்யாணத்தின்போது ஒரு முறை மாற்றியிருந்தால் மிச்சம் ஒன்றுதான். அதனால் மையத்தில் உட்கார்ந்திருப்பவர் தட்டச்சு செய்ததைத் திரையில் பார்த்து, ஆங்கில எழுத்துகளைச் சேவை ஆவணத்தோடு ஒப்பிட்ட பிறகே சரி என்று சொல்லுங்கள். தமிழில் வரும் பெயரையும் விட்டுவிடாதீர்கள்.

கணவர் பெயரைத்தான் வைத்துக்கொள்வேன் என்றால் அதுவும் உங்கள் உரிமை. ஆனால் அப்போது அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டும். விண்ணப்பம் எழுதுபொருள் அச்சுத் துறை அலுவலகத்தில், அண்ணா சாலை 110ஆம் எண் கட்டடத்தில். அந்த அரசிதழ் நகலோடு உங்கள் படையின் தலைமையகமான சேவைத் தலைமையகத்துக்கு எழுதி, திருத்திய பிபிஓ வாங்க வேண்டும். நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் ஒன்று போதும் என்று பாரிமுனையில் யாராவது சொல்வார்கள். 'இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும்' என்ற அந்தப் பத்திரம் பள்ளிக்கூடச் சேர்க்கைக்கு ஓடும். ஓய்வூதியத் தளத்தில் பெயர் பொருந்தாமல் உயிர்வாழ் சான்று திரும்பும்போது அது கைகொடுக்காது.

மாவட்டப் பதிவு

எந்த மாவட்ட அலுவலகம் என்பதில் வடசென்னைக்காரர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர், கொளத்தூர் எப்போதும் சென்னைதான். திருவொற்றியூர், மணலி, எண்ணூர், மாதவரம் 2018இல்தான் சென்னை மாவட்டத்துக்குள் வந்தன. அதற்கு முன் பதிவு செய்தவர்களின் கோப்பு திருவள்ளூரிலேயே கிடக்கலாம். புதிதாகச் சென்னையில் பதியப் போனால் 'ஏற்கெனவே பதிவு உள்ளது' என்று நிற்கும். அப்போது திருவள்ளூர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பதிவை மாற்றி வாங்குங்கள். இரட்டைப் பதிவு வேண்டாம். மீஞ்சூர், பொன்னேரி இன்னும் திருவள்ளூர்தான்.

மாநில இயக்குநரகம் ராஜா முத்தையா சாலையில், நேரு ஸ்டேடியம் பக்கம். விம்கோ நகரிலிருந்தோ தண்டையார்பேட்டையிலிருந்தோ மெட்ரோவில் சென்ட்ரல் வந்து இறங்கினால் ஆட்டோ தூரம். ஆனால் பதிவுக்கு முதலில் போக வேண்டியது மாவட்ட அலுவலகத்துக்கு. இயக்குநரகத்தில் மனு கொடுத்தாலும் அது அங்கேதான் இறங்கி வரும்.

எடுத்துப் போக வேண்டியவை: ரிலீஸ் ஆர்டர், பிபிஓ இருந்தால் அது, பணிக்கொடை வழங்கிய தாள், ஆதார், பான், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், முகவரிச் சான்று, படிப்புச் சான்றுகள், பாஸ்போர்ட் அளவுப் படங்கள். திருமணமானவர்கள் திருமணப் பதிவுச் சான்று, குழந்தைகளின் பிறப்புச் சான்று. மூலமும் இரண்டு செட் நகலும். பணிக்கொடைத் தாளைப் பலர் கொண்டுபோவதில்லை. ஷார்ட் சர்வீஸ்காரர்களுக்கு அதுதான் தகுதிக்கு ஆதாரம். தொலைந்திருந்தால், பணம் வரவான அந்த வருடத்து வங்கிக் கணக்கு அறிக்கையோடு சேவைத் தலைமையகத்துக்கு எழுதி நகல் கேளுங்கள்.

படிவத்தில் 'கணவர் / தந்தை பெயர்' கட்டத்துக்கு மேலேயே 'படைவீரர் பெயர்' என்ற கட்டம் இருக்கும். அங்கே உங்கள் பெயர், உங்கள் சேவை எண். உதவிக்கு நிற்பவர் பழக்கத்தில் கணவர் பெயரை அங்கே எழுதிவிடுவார். எழுதும்போது பக்கத்தில் நில்லுங்கள். கணவரும் படையில் இருந்தவரென்றால் இரண்டு தனிப் பதிவுகள் வேண்டும். அவருடைய அட்டையில் உங்கள் பெயர் சார்ந்தோராக இருப்பதால் உங்கள் பதிவு தேவையில்லை என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

பதிவு முடிந்து அடையாள அட்டை வாங்கும்போதே வேலைவாய்ப்புப் பதிவையும் கேட்டுச் செய்துவிடுங்கள். அட்டையில் பதவி, சேவைக்காலம், வெளியேறிய காரணம் மூன்றையும் கவுன்டரை விட்டு நகரும் முன் சரிபாருங்கள்.

ஓய்வூதியம்

ஓய்வூதியம் பெறுபவர்களுக்கு எல்லாம் இப்போது பாதுகாப்புத் துறையின் ஓய்வூதிய இணையதளமான ஸ்பர்ஷில். உள்ளே போய்ப் பார்க்க வேண்டியது நான்கு: பெயர், பிறந்த தேதி, கணவரும் குழந்தைகளும் குடும்ப விவரத்தில் இருக்கிறார்களா, உங்கள் பிரிவு சரியா. கடைசியது செவிலியர் அதிகாரிகளுக்கு. செவிலியர் சேவைக்குத் தனி ஊதிய அட்டவணை உண்டு. பழைய வங்கிப் பதிவிலிருந்து தரவு ஏற்றப்பட்டபோது பிரிவு தவறியிருந்தால், ஒரே பதவி ஒரே ஓய்வூதியத் திருத்தமும் தவறாகத்தான் கணக்காகும். 2014, 2019, 2024 ஆகிய ஆண்டுகளின் ஜூலை 1 தேதியிட்ட திருத்தங்களில் நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு வந்தவை எல்லாம் உங்கள் கணக்கில் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

கணவர் பெயர் இல்லாமல் இருப்பது சகஜம். ஓய்வுக்குப் பிறகு கல்யாணம் செய்தவர்களுக்கு அது தானாக ஏறாது. மாற்றுத்திறனாளிக் குழந்தை இருந்தால் அந்தப் பெயரை இப்போதே ஏற்றுங்கள்; வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேர அதுதான் வழி.

உயிர்வாழ் சான்றை ஜீவன் பிரமாண் செயலியில் முக அடையாளம் மூலம் வீட்டிலிருந்தே தரலாம். ஒப்புகை வந்தால் மட்டும் போதாது; ஸ்பர்ஷில் 'ஏற்கப்பட்டது' என்று காட்டுகிறதா என்று சில நாள் கழித்துப் பாருங்கள். மறுக்கப்பட்டிருந்தால் காரணம் பெரும்பாலும் ஆதார்ப் பெயர், அல்லது ஓய்வூதிய எண்ணில் ஓர் இலக்கம். நேரில் போக வேண்டுமென்றால் தேனாம்பேட்டை, அண்ணா சாலை 618இல் பாதுகாப்புக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம்; மெட்ரோ நீலத்தடத்தில் வண்டி மாறாமல் தேனாம்பேட்டை வரை போகலாம்.

மருத்துவம்

ஓய்வூதியம் பெறுபவருக்கு இசிஹெச்எஸ் உண்டு. ஓய்வூதியம் இல்லாத ஷார்ட் சர்வீஸ் அதிகாரிகளுக்கு 2019 மார்ச்சில் வந்த உத்தரவு வழியைத் திறந்தது. சந்தாவை ஒரே தடவையாகக் கட்ட வேண்டும். வேறு அரசு மருத்துவத் திட்டத்தில் உறுப்பினராக இருக்கக் கூடாது. கணவர் மத்திய அரசு ஊழியராக இருந்து அவருடைய திட்டத்தில் உங்கள் பெயர் இருந்தால் முதலில் அதை முடிவு செய்யுங்கள்.

விண்ணப்பத்தில் முதன்மைப் பயனாளி நீங்கள். கணவரும் முன்னாள் படைவீரராக இருக்கும் வீடுகளில், அவருடைய அட்டையிலேயே சேர்ந்துகொண்டால் வேலை மிச்சம் என்று தோன்றும். ஒன்றை யோசியுங்கள்: உங்கள் அம்மா அப்பாவைச் சார்ந்தோராகச் சேர்க்க உங்கள் அட்டைதான் வழி. அவர்கள் இருவரின் வருமானம் மாதம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த தொகைக்குள் இருக்க வேண்டும். மகன் 25 வயது வரை, அதற்குள் வேலையோ கல்யாணமோ ஆகும் வரை. மகள் வேலைக்கோ கல்யாணத்துக்கோ போகும் வரை, வயது வரம்பில்லை.

இசிஹெச்எஸ் நடத்தும் மருத்துவ மையமான பாலிகிளினிக்கின் தேர்வில் சென்னை, ஆவடி, தாம்பரம் என்று வரும். மாதவரம், கொளத்தூர் பக்கத்தவர்கள் ஆவடி போய்வருவது எளிதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ராயபுரம், திருவொற்றியூர்க்காரர்களுக்குச் சென்னைதான். வெளி மருத்துவமனைக்குப் போகப் பாலிகிளினிக்கின் பரிந்துரைச் சீட்டு வேண்டும். அவசரம் என்றால் பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போகலாம். அட்டையைச் சேர்க்கையின்போதே காட்டுங்கள், மருத்துவமனைதான் தகவலைத் தளத்தில் ஏற்ற வேண்டும். பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர நேர்ந்தால், இரண்டு வேலை நாளுக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவித்ததற்கு எழுத்துச் சான்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னேன் என்பது பில் திரும்பும்போது நிற்காது. திரும்பக் கிடைப்பதும் அரசு நிர்ணயித்த கட்டணம்தான், நீங்கள் கட்டிய முழுத்தொகை இல்லை.

உதவித்தொகை, வேலை, கடன்

வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களில் பாதி உங்களுக்கு இல்லை. முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய வாரியமான கேந்திரிய சைனிக் போர்டு 2025 நவம்பர் 1 முதல் உதவிகளை இரட்டிப்பாக்கியது: ஓய்வூதியம் இல்லாத 65 வயது கடந்தவர்களுக்கு மாதம் 8,000, பிள்ளைகள் படிப்புக்குத் தலா மாதம் 2,000, இரண்டு பிள்ளைகள் வரை, மகள் கல்யாணத்துக்கு 1 லட்சம். ஆனால் இவை, அதிகாரிகளுக்குக் கீழே உள்ள ஹவில்தார் பதவி வரை இருந்தவர்களுக்கு. பிரதமர் கல்வி உதவித்தொகையும் அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கே. இன்றைய பெண் முன்னாள் படைவீரர்கள் ஏறக்குறைய எல்லாரும் அதிகாரிகள். அவர்களை மனதில் வைத்து வகுத்த உதவி குறைவு என்பதே நிலவரம். விண்ணப்பித்து நிராகரிப்பு வாங்கிச் சோர்வதை விட, கிடைப்பதில் கவனம் வைப்பது மேல்.

கிடைப்பதில் முதலாவது வேலை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வில் முன்னாள் படைவீரர் என்ற கட்டத்துக்கு 'ஆம்' போடுங்கள். கட்டணத்தில் இரண்டு இலவச வாய்ப்பு உண்டு. 'ஆதரவற்ற விதவை' என்பது வேறு வகை. அதற்கு வேறு சான்று. இரண்டையும் குழப்பி நிரப்பினால் சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியே போக நேரிடும். மத்தியக் குடிமைப்பணித் தேர்வில், ஐந்தாண்டு சேவை முடித்த ஷார்ட் சர்வீஸ் அதிகாரிக்கு ஐந்தாண்டு வயதுத் தளர்வு.

மத்திய அரசு இடஒதுக்கீட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு வேலையில் சேர்ந்தவுடன் முன்னாள் படைவீரர் சலுகை தீர்ந்துவிடும். ஆனால் 2014 ஆகஸ்ட் உத்தரவுப்படி, சேர்வதற்கு முன்பே விண்ணப்பித்த மற்ற தேர்வுகளின் பட்டியலை, தேதியோடு, சேரும் அன்றே உறுதிமொழியாகக் கொடுத்தால் அவற்றுக்குச் சலுகை தொடரும். சேர்ந்து ஒரு மாதம் கழித்துக் கொடுத்தால் பயனில்லை.

சொந்தத் தொழில் என்றால் மாநில அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் பார்க்கத்தக்கது. 1 கோடி ரூபாய் வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம். மாவட்ட அலுவலகம் வழியாகத்தான் போகும். வங்கி பார்ப்பது உங்கள் சேவைப் பதக்கத்தை இல்லை, திட்ட அறிக்கையை.

இயலாமை ஓய்வூதியம்

முழங்கால், முதுகு, காது, ரத்த அழுத்தம் என்று ஏதாவது ஒன்றோடு வெளியே வந்து, 'பணியால் வந்ததல்ல, பணியால் கூடியதும் அல்ல' என்று மருத்துவக் குழு எழுதியதால் கோரிக்கை தள்ளப்பட்டவர்கள் அதை முடிந்த கதை என்று விட வேண்டாம். ஷார்ட் சர்வீஸ்காரர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம்: இந்த ஓய்வூதியம் கிடைத்தால் மற்றக் கதவுகளும் திறக்கும்.

முதலில் விடுவிப்பு மருத்துவக் குழுவின் முழு நடவடிக்கைத் தாள்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். அதில் மூன்று இடங்களைப் பாருங்கள்: சேரும்போது அந்த நோய் குறித்து ஏதாவது பதிவு இருக்கிறதா, பாதிப்பு எத்தனை சதவீதம், மறுத்ததற்குக் காரணம் விளக்கப்பட்டிருக்கிறதா. சேரும்போது பதிவு எதுவும் இல்லாமல், பின்னால் நோய் வந்து, குழுவும் காரணம் சொல்லாமல் மறுத்திருந்தால், 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்கள் பக்கம் நிற்கும். பாதிப்பு 20 சதவீதம் எட்டியிருந்தால் அதை 50 சதவீதமாக உயர்த்திக் கணக்கிடும் முறை 2014ஆம் ஆண்டின் ராம் அவதார் தீர்ப்பிலிருந்து வருகிறது. 2023 செப்டம்பர் 21க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்குப் புதிய தகுதி விதிகள்; பழைய தீர்ப்புகளை அப்படியே ஒட்ட முடியாது.

நிராகரிப்புக் கடிதம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு இரண்டாவது, அதுவும் தள்ளப்பட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. காலம் கடந்திருந்தாலும் ஓய்வூதிய வழக்குகளை முழுமையாக மூடுவதில்லை. ஆனால் நிலுவையைப் பொதுவாக வழக்குப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று ஆண்டுக்குத்தான் தருவார்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்தத் தொகையிலிருந்து கழிகிறது.

பதக்கமும் அழைப்பும்

சேவைப் பதக்கங்களைப் பல பெண்கள் வாங்காமலேயே வந்திருக்கிறார்கள். ரிலீஸ் ஆர்டர், பணியிடப் பட்டியல் இரண்டையும் வைத்து, எந்தக் காலத்தில் எங்கே இருந்தீர்கள் என்பதை வரிசைப்படுத்திச் சேவைத் தலைமையகத்தின் பதக்கப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒன்பது ஆண்டு, இருபது ஆண்டு நீள்சேவைப் பதக்கங்களுக்கு நாள்கணக்கு முக்கியம். பயிற்சிக் காலத்தைச் சேர்க்காமல் கமிஷன் தேதியிலிருந்து எண்ணுங்கள்.

ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம், டிசம்பர் 7 கொடிநாள். இந்த நிகழ்ச்சிகளுக்கு அழைப்புப் பட்டியல் மாவட்டப் பதிவிலிருந்துதான் எடுக்கப்படும். பதிவில் கைப்பேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும். கணவர் எண்ணோ மகன் எண்ணோ கொடுத்தால் அழைப்பும் அந்தப் பெயருக்கே வரும்.

எங்காவது கோப்பு நின்றுவிட்டால், ஓய்வூதியக் குறையை ரக்ஷா பென்ஷன் குறைதீர் தளத்தில் பதியுங்கள். மற்றவற்றைப் பொதுக் குறைதீர் தளத்தில். ஒரு மனுவில் ஒரு குறை மட்டும். மூன்றைக் கலந்து எழுதினால் சுலபமான ஒன்றுக்குப் பதில் தந்து மனுவை முடித்துவிடுவார்கள். பதிவு எண், தேதி, பதில் இவற்றை நோட்டில் எழுதி வையுங்கள். தீர்ப்பாயம் வரை போக நேர்ந்தால் வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்தத் தேதிகளைத்தான்.